சங்கத்தினுள் நடக்கும் நெருக்குதல்

சங்கங்களைச் சோதனையிடச் செல்லும் ஆய்வாளர் முதன்முதலில் எண்ணிப் பார்ப்பது ரொக்க இருப்பை. அடுத்து நூல் இருப்பையும் துணி இருப்பையும் பார்ப்பார். அதன்பின் கடன் பாக்கிகளைப் பார்ப்பார். இவை யாவும் சரியாக இருக்கக் கண்டால், "சங்கம் ஒழுங்காக நடைபெறுகிறது" என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டுப் புறப்படுவது வழக்கம். நாமும் எட்டு ஆண்டுகளாக அவ்விதமே செய்து வந்திருக்கிறோம். அவ்வாறு நாம் எழுதிய குறிப்புகளுள் ஒன்று தவறானது என்பதைக் காலங்கடந்தே அறிந்தோம். காசுக் கணக்கில் ஒரு பைசாவும் பிசகவில்லை. பிசகு வேறிடத்தில் இருந்தது. அதனை நம் வாசகர்களாகிய நெசவாளரிடத்தும் விவசாயிகளிடத்தும் ஒளிவின்றிச் சொல்லிவிடுவதே முறையெனக் கருதி இதை எழுதுகிறோம்.

கைத்தறிச் சங்கம் ஒன்று, பெயர் வேண்டுவதில்லை. முப்பது ஆண்டுகளாகத் தறிக்குழியில் கால் வைத்து உழைத்த ஒரு நெசவாளர், மகாசபைக் கூட்டத்தில் எழுந்து, தள்ளுபடி மானியத் தொகை சங்கத்துக்கு வந்து சேர்ந்ததா, சேர்ந்திருப்பின் அங்கத்தினர்க்கு அதனால் என்ன கிடைக்கும் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. தலைவர் சொன்ன பதிலும் மரியாதையானதே. கூட்டம் முடிந்தது, காப்பி அருந்திவிட்டு அனைவரும் கலைந்தனர். வெளியே தெரிந்த நிகழ்ச்சி இவ்வளவுதான்.

அதன்பின் அவர் பாவு கேட்டு வந்தால், "இன்று நூல் வரவில்லை, நாளைக்கு வாரும்" என்பார்கள். நாளை வந்தால் காரியதரிசி வங்கிக்குப் போயிருப்பார். அதற்கு மறுநாள் வந்தால், அவருக்குப் பின் வந்த இருவர் நூல் வாங்கிப் போயிருப்பார்கள். அவர் நெய்து கொணர்ந்த சேலைகளில் கரை சீரில்லை என்றும், இழை விட்டிருக்கிறது என்றும், எடை குறைகிறது என்றும் சொல்லி இரண்டாந்தரத்தில் சேர்த்துக் கூலியில் பிடிப்பார்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பெரிய கணக்கர் வருகிறார், பேரேட்டை எடுத்து வையுங்கள்" என்று யாரேனும் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். சில வேளைகளில் சிரிப்பதுமில்லை; அவர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடும். கூட்ட அறிவிப்பு எல்லா வீட்டுக்கும் போகும், அவர் வீட்டுக்குப் போகாது. ஒருவரும் அவரை அடிக்கவில்லை; வைதார் என்று சொல்லவும் சான்றில்லை. எட்டு மாதத்தில் அவர் சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டு, ஒரு தனி முதலாளியிடம் கூலித் தறிக்குப் போய்ச் சேர்ந்தார். எந்த முதலாளியிடமிருந்து நெசவாளனை விடுவிப்பதற்காகக் கைத்தறிச் சங்கங்கள் தோன்றினவோ, அந்த முதலாளியிடமே சங்கம் தன் அங்கத்தினர் ஒருவரை அனுப்பி வைத்தது.

பின்னர் முத்தியால்பேட்டையில் ஒரு தேநீர்க் கடை வாசலில் அவரைக் கண்டோம். ஏன் ஐயா சங்கத்தை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, அவர் சற்று நேரம் நம்மைப் பார்த்தார். "இடையில் இரண்டு தடவை நீங்கள் சோதனைக்கு வந்தீர்களே, ஐயா. எல்லாம் நீங்கள் கையெழுத்துப் போட்ட பதிவேட்டில்தான் இருக்கிறது" என்றார். அவர் குரலில் கோபமில்லை. கோபமிருந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுவாரம் அச்சங்கத்துக்குச் சென்று, நூல் வழங்கல் பதிவேட்டையும், துணி வரவுப் பதிவேட்டையும், கூலிப் பட்டியையும் ஒருசேர விரித்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு நெசவாளரின் பெயரை மட்டும் ஏட்டுக்கு ஏடு தொடர்ந்து போனோம். மகாசபைக்கு முன்பு, அவர் ஒரு பாவை முடித்துக் கொடுத்த நாளுக்கும் அடுத்த பாவு வாங்கிய நாளுக்கும் இடையே இரண்டு மூன்று நாள் இருந்தது, எல்லோருக்கும் அவ்வாறே. மகாசபைக்குப் பின் அந்த இடைவெளி ஒன்பது நாளாயிற்று, பன்னிரண்டாயிற்று, ஒரு தடவை பதினேழாயிற்று. மற்றவர்களுக்கு அந்த மாதங்களிலும் இரண்டு மூன்று நாளே. முன்பு ஓராண்டு முழுவதிலும் ஒரு தடவை கூலியில் பிடித்தம். பின்பு ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் பிடித்தம். ஒவ்வொரு பதிவும் தனித்தனியே பார்த்தால் குற்றமற்றது. நூல் தாமதமாவதும் துணியில் குறை காண்பதும் எந்தச் சங்கத்திலும் நடப்பதே. நாம் பதிவேட்டை மேலிருந்து கீழாகக் கூட்டிப் பார்த்தோம். கூட்டல் சரியாக இருந்தது. குறுக்கே, ஒரு மனிதனின் மாதங்களைத் தொடர்ந்து படித்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும்.

வேலைத்தலத்தில் எளியாரை வருத்துதல் என்பதை அறிவதில் உள்ள சங்கடமே இதுதான். ஒரு நாள் நிகழ்ச்சியை மட்டும் எடுத்துச் சொன்னால், கேட்பவர், "இதற்கா வருந்துகிறீர்?" என்று நகைப்பார். ஸ்வீடன் நாட்டில் 1980களில் இப்பொருளை முறையாக ஆராய்ந்த ஹைன்ஸ் லேமன் என்னும் அறிஞர், ஒருவர்மீது குறிவைத்த செயல்கள் வாரம் ஒரு தடவைக்குக் குறையாமல், ஏறத்தாழ ஆறு மாத காலம் தொடர்ந்து நிகழ்வதை அதற்கு அடையாளமாகக் கொண்டார். செயலின் கடுமையைக் காட்டிலும் அது திரும்பத் திரும்ப வருவதையே அவர் கணக்கிலெடுத்தார் என்பது கவனிக்கத்தக்கது. 1993இல் அந்நாட்டு அரசாங்கம் இதனைத் தடுக்கத் தனி விதிகளே வகுத்தது.

ஆகையால் காரியதரிசி ஒரு நாள் உரக்கப் பேசினார் என்பதாலேயே அவரைக் கொடுமைக்காரர் என்றுவிடலாகாது. தறிகள் அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் உரக்கப் பேசாமல் முடியாது. சந்தை நாள் நெருங்கும்போது வாய்ச்சொல் தடிப்பதும் உண்டு. துணியில் குறை கண்டால் யார் துணியாயினும் திருப்பிக் கொடுக்கும் காரியதரிசி கண்டிப்பானவர். அவரைப் போன்றவர் கிடைப்பது சங்கத்தின் பாக்கியம். ஒருவர் துணிக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்பவரைப் பற்றியே நாம் பேசுகிறோம். சோம்பேறியொருவன் தன்மீது நியாயமாக எடுத்த நடவடிக்கையையும் கொடுமை என்று கூக்குரலிடுவதுண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுகோல் அதே பதிவேடுதான்: மற்றவர்களுக்கு என்ன செய்யப்பட்டது, இவருக்கு என்ன செய்யப்பட்டது?

இவ்விடத்தில் நண்பர்கள் ஓர் ஆட்சேபணை சொல்வதுண்டு. "கூட்டுறவில் முதலாளி ஏது? ஆளுக்கொரு வாக்கு. தலைவரும் அங்கத்தினர், நெசவாளரும் அங்கத்தினர். இங்கே யார் யாரை நெருக்குவது?" என்பர். ஆளுக்கொரு வாக்கு என்பது உண்மைதான். ஆனால் அந்த வாக்கு மகாசபை கூடும் நாளில்தான் கையில் இருக்கிறது. நூலறைச் சாவி ஆண்டின் மற்ற நாட்களெல்லாம் ஒருவர் இடுப்பில் இருக்கிறது. யாருக்கு முதலில் வேலை, யாருக்குப் பின்னால், யார் துணி முதல்தரம், யாருடைய கடன் மனு மேலே போகும், யாருடையது மேசைக்குள் கிடக்கும் என்பவற்றைத் தீர்மானிக்கும் கை எதுவோ அதுவே அதிகாரம். அதற்கு முதலாளி என்ற பெயர் வேண்டுவதில்லை. முதலாளி என்ற பெயர் இல்லாததனாலேயே எதிர்த்துக் கேட்பதும் கடினமாகிறது. ஆலையில் ஒருவர் மேலாளரை எதிர்த்தால் தொழிலாளிகள் அவர் பக்கம் நிற்பர்; சங்கத்தில் ஒருவர் காரியதரிசியை எதிர்த்தால், "நம் சங்கத்தின் பெயரைக் கெடுக்கிறான்" என்று அவர்மீதே பழி விழுகிறது.

ஆலை என்றதும் நம் ஊரின் பழங்கதை நினைவுக்கு வராமல் போகாது. சவானா, ரோடியர், கெப்ளே என்று மக்கள் வழங்கிய மூன்று பஞ்சாலைகளின் சங்கொலிக்கு எழுந்து உறங்கிய ஊர் புதுச்சேரி. அவ்வாலைகள் பிற்காலத்தில் சுதேசி, ஏ.எஃப்.டி., ஸ்ரீபாரதி என்ற பெயர்களுடன் நடந்து 2020இல் மூடப்பட்டுவிட்டன. 1936 ஜூலை 30ஆம் நாள், வேலை நேரத்தைக் குறைக்கவும், கூலியை உயர்த்தவும், சங்கம் அமைக்கும் உரிமை வழங்கவும் கோரி நின்ற தொழிலாளர்மீது பிரெஞ்சு அரசாங்கத்தின் படையினர் சுட்டதில் 12 பேர் மாண்டனர். வ. சுப்பையா அவர்களின் முயற்சியாலும், அப்போது பிரான்ஸில் ஆட்சிக்கு வந்திருந்த மக்கள் முன்னணி அரசாங்கத்தின் தலையீட்டாலும், 1937இல் எட்டு மணி நேர வேலையும் தொழிற்சங்க உரிமையும் பிரெஞ்சிந்தியாவுக்குக் கிடைத்தன. எட்டு மணி நேரத்தைப் பற்றிப் பெருமையுடன் பேசுகிறோம். இரண்டாவது உரிமையைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. நம் அபிப்பிராயத்தில் அதுவே பெரிது. தன்னந்தனியனாக மேஸ்திரியின் முன் நின்றவன், அதன்பின் தனியனாக நிற்க வேண்டாமென்றாயிற்று.

மேஸ்திரி என்பவர் எத்தகைய அதிகாரம் படைத்திருந்தார் என்பதை எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் இந்தியாவில் விட்லி என்பவர் தலைமையில் 1929இல் அமர்ந்த ராயல் தொழிலாளர் கமிஷன் தன் 1931ஆம் ஆண்டு அறிக்கையில் விரிவாக எழுதியிருக்கிறது. வேலைக்குச் சேர்ப்பவரும் அவரே, நீக்குபவரும் அவரே. அவருக்குக் கையூட்டுத் தராதவனுக்கு வேலை நிலைப்பதில்லை. வேலையில் சேர்த்தல், நீக்கல் என்ற இரு அதிகாரங்களையும் அவரிடமிருந்து எடுத்துவிட வேண்டுமென்று கமிஷன் கூறிற்று. அடுத்து 1936ஆம் ஆண்டில், நம் ஊரில் துப்பாக்கி வெடித்த அதே ஆண்டில், அப்பால் கூலி வழங்கல் சட்டம் ஒன்று பிறந்தது. அபராதம் பற்றி அச்சட்டம் விதித்தவற்றை நம் நிர்வாகக் குழுவினர் ஒரு தடவை ஆழ்ந்து நோக்க வேண்டுகிறோம். எந்தெந்தக் குற்றத்துக்கு அபராதம் என்பதை முன்கூட்டியே எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும். ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் பிடித்தல் கூடாது. பிடித்ததை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். அத்தொகை தொழிலாளர் நலத்துக்கே செலவாக வேண்டும். அரையணா வரம்பு இன்று 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் நூற்றுக்கு மூன்று என்று நிற்கிறது. அபராதம் என்பது பணத்துக்காக மட்டும் விதிக்கப்படுவதன்று, ஆளைப் பணிய வைக்கவும் விதிக்கப்படுகிறது என்பதைச் சட்டம் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆனால் தன் வீட்டுத் தறியில் நெய்து சங்கத்தில் கொடுக்கும் அங்கத்தினர், வேலையாள் என்ற சொல்லுக்குள் எளிதில் அடங்குவதில்லை. அவர் சங்கத்தின் சொந்தக்காரர்களுள் ஒருவர். அதனால் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த காப்புகள் பல அவர் வாசலோடு நின்றுவிடுகின்றன. "இரண்டாந்தரம்" என்று ஒருவர் வாயால் சொல்லிக் கூலியில் பிடிப்பது அபராதமன்று, தர வித்தியாசம் என்பர். பெயர் எதுவாயினும் குடும்பத்துக்கு வந்து சேரும் கூலி குறைந்தது குறைந்ததே.

நம்மை ஒருகாலத்தில் ஆண்ட பிரெஞ்சு நாட்டிலும் இது பெரும் விவகாரமாயிற்று. ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக் குடும்பங்களும் பாரிஸில் பிள்ளைகளை வைத்திருப்போரும் நிறைந்த இவ்வூரில் அதைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 2002 ஜனவரியில் அங்கே இயற்றிய சட்டம், வேலை நிலைமைகளைச் சீர்கெடச் செய்து ஒருவருடைய கண்ணியத்தையோ உடல், மன நலத்தையோ பாதிக்கக்கூடிய தொடர்ச்சியான செயல்களைக் குற்றமாக்கிற்று. நோக்கம் இல்லாவிடினும் விளைவு அதுவாயின் போதும் என்று அச்சட்டம் சொல்வதுதான் அதன் உயிர்நாடி. பிரான்ஸ் டெலிகாம் என்னும் பெரிய தொலைபேசி நிறுவனம் 22,000 பேரை வெளியேற்றத் திட்டமிட்டு, வெளியே தள்ள முடியாதவர்கள் தாமே போய்விடும்படி வேலையை மாற்றியும் ஊரை மாற்றியும் வேலையே தராமல் உட்கார வைத்தும் நடத்திற்று. பலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். நீதிமன்றம் ஆராய்ந்த 39 பேர் வழக்குகளில் 19 பேர் அவ்வாறு இறந்தவர்கள். 2019 டிசம்பரில் நிறுவனமும் அதன் முன்னாள் தலைவரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. 2025 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு தனி மனிதனின் குரோதம் மட்டுமன்று, ஒரு ஸ்தாபனத்தின் கொள்கையே கொடுமையாக இருக்கக்கூடும் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2019இல் தன் 190ஆவது உடன்படிக்கையை இதற்கெனவே ஏற்றது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

வேலையே தராமல் உட்கார வைப்பது! இதைப் படித்தபோது பதினேழு நாள் பாவுக்குக் காத்திருந்தவரை நினைத்துக்கொண்டோம். பாரிஸ் நகரத்து அதிகாரிக்கும் நம்மூர்க் காரியதரிசிக்கும் இவ்வித்தையை யாரும் ஒரே பள்ளியில் கற்பிக்கவில்லை.

நெசவாளரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோமே, விவசாயிகள் பக்கம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, அங்கே திசை மாறியும் வருகிறது. கிராமப்புறத்துப் பால் சங்கம் ஒன்றில் பட்டதாரிப் பெண்ணொருத்தி பால் சோதிக்கும் வேலையில் அமர்ந்தாள். அதிகாலை ஐந்து மணிக்குப் பால்மானியும் கையுமாக நிற்க வேண்டும். பதினைந்து மாடு கட்டியிருக்கும் ஒரு பெரியவரின் பாலில் தண்ணீர் இருப்பதைக் கண்டு அதைக் குறைந்த விலையில் எழுதினாள். "என் பாலையா சோதிக்கிறாய்?" என்றார் அவர். அன்று வேறொன்றும் நடக்கவில்லை. மறுநாள் முதல் அவர் வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டு அவள் நடையையும் பேச்சையும் பற்றிப் பேசத் தொடங்கினர். அவளுடைய நாற்காலியை யாரோ எடுத்து உள்ளே பூட்டிவிட்டனர். விளக்கு எரியவில்லையென்று மூன்று தடவை சொல்லியும் மாற்றுவாரில்லை. நான்காம் மாதத்தில் அவர் பாலுக்கு அவர் சொன்ன அளவையே எழுதினாள். பின்பு ஒன்றியத்துச் சோதனையில் அச்சங்கத்தின் பால் தரமில்லையென்று தள்ளப்பட்டது. ஒழுங்காகப் பால் ஊற்றிய ஏழை அங்கத்தினர்களும் அந்நஷ்டத்தைச் சுமந்தனர். "ஒரு பெண்ணைக் கேலி செய்தால் சங்கத்துக்கென்ன?" என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

நாற்காலியை எடுத்தது அற்பமெனத் தோன்றும். நின்றுகொண்டே வேலை செய்வோர் உட்கார இருக்கை தர வேண்டுமென்று அண்டை மாநிலமாகிய தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. கேரளம் 2018இலேயே செய்திருந்தது. பத்து மணி நேரம் ஒருவரை நிற்க வைப்பதில் வியாபாரத்துக்கு யாதொரு லாபமும் இல்லை. நீ இன்னார் என்று நினைவூட்டுவது ஒன்றே அதன் பயன்.

அப்பெண்ணின் விஷயத்தில் பேச்சு பால் இயல்பான இழிசொல்லாக இருந்தமையால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் துணைக்கு உண்டு. பத்துப் பேருக்குக் குறையாத வேலைத்தலமாயின் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய சங்கமாயின் மாவட்டத்து உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் செல்லலாம். நிகழ்ச்சி நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமென்பதை மறவாதிருக்க வேண்டும். பல பெண்கள் பொறுத்துப் பார்ப்போம் என்றிருந்தே அக்கெடுவைக் கடத்திவிடுகின்றனர். பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒருவரைப் பலரறியச் சாதியைச் சுட்டி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் வெளியே நிற்பவைதான் பெரும்பாலானவை: பாவைத் தாமதிப்பது, கூட்டத்துக்கு அழையாதது, எல்லோர் முன்னும் தொழிலை நகையாடுவது. இவற்றுக்கென்று நேரான சட்டம் நம் நாட்டில் இல்லை. 1972ஆம் ஆண்டின் பாண்டிச்சேரிக் கூட்டுறவுச் சங்கச் சட்டம், நிர்வாகத்தையும் அலுவலையும் பற்றி அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் எழும் தகராறுகளைப் பதிவாளரிடம் கொண்டுபோக வழி செய்கிறது. பதிவாளர் விசாரணைக்கு உத்தரவிடவும் கூடும். வழி இருக்கிறது. ஆயின் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல், "என்னை மதிக்கவில்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு அவ்வழியே சென்றவர்கள் வெறுங்கையுடன் திரும்பியதை நாமே பார்த்திருக்கிறோம்.

ஆதலின் நெருக்குதலுக்கு ஆளாகிறோமோ என்ற ஐயம் எழும்போதே எழுதி வைக்கத் தொடங்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் பழைய நோட்டொன்று போதும். தேதி, நேரம், நடந்தது, கேட்ட சொல், உடனிருந்தவர் பெயர், அவ்வளவே. கோபத்தையும் வருத்தத்தையும் எழுத வேண்டுவதில்லை. அங்கத்தினர் கைப்புத்தகத்தில் பாவு வாங்கிய நாளையும் பிடித்தத்தையும் அங்கேயே பதிந்து வாங்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கலாகாது. இரண்டு மாதம் எழுதினால், நடப்பது நம் கற்பனையா, இல்லையா என்பது நமக்கே தெளிவாகும். கற்பனையென்று தெரிந்தால் அதுவும் லாபமே. பின்பு அச்சங்கத்தில் நம்பத்தக்க ஒருவரிடம் சொல்ல வேண்டும். தனியே போய்க் கேட்பதைவிட இருவராகப் போய்க் கேட்பது மேல். கேட்கும்போது "நீர் என்னைக் கொடுமைப்படுத்துகிறீர்" என்று தொடங்காமல், "இந்தத் தேதியில் எனக்குப் பாவு கிடைக்கவில்லை, எனக்குப் பின் வந்தவருக்குக் கிடைத்தது, காரணம் சொல்லுங்கள்" என்று தொடங்குவதே உசிதம். முன்னதற்குப் பதில் சண்டை. பின்னதற்குப் பதில் பதிவேட்டில்தான் தேட வேண்டும். அதிலும் தீராவிடின் நிர்வாகக் குழுவுக்கு எழுத்து மூலம் மனு. ஒப்புகை பெற்றுக்கொள்ள வேண்டும். உறக்கம் கெட்டு, உயிரே சுமையெனத் தோன்றும் நிலை வந்துவிட்டால், மனுவையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வீட்டாரிடமும் வைத்தியரிடமும் சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது.

பார்த்துக்கொண்டிருப்போர்க்கும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன கைத்தறிச் சங்கத்தில் நூலறை உதவியாளருக்கு எல்லாம் தெரியும். பின்னர் நாம் கேட்டபோது, "நமக்கேன் வம்பு என்றிருந்துவிட்டேன், ஐயா" என்றார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. அவரும் நூறு பேர் நடுவில் பிழைக்க வேண்டியவர். ஆனால் "அவருக்கு முன்னால் இவர் வந்தாரே" என்ற ஒரே ஒரு சொல்லை ஒரே ஒரு நாள் அவர் சொல்லியிருந்தாலும் விஷயம் வேறு விதமாகத் திரும்பியிருக்கும் என்று தோன்றுகிறது. நெருக்குபவன் பெரும்பாலும் மற்றவர்களின் சிரிப்பை நம்பியே அதைச் செய்கிறான்.

நெருக்குபவன் என்று எழுதுகிறோம். இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவர், நாம் எழுதிய குறிப்புகளைப் பலர் நடுவே உரக்கப் படித்து, "பட்டதாரியின் தமிழைக் கேளுங்கள்" என்பார். ஓராண்டு அவ்வாறு கழிந்தது. அந்நாட்களில் திங்கட்கிழமை காலை வயிற்றுவலி வரும், செவ்வாயன்று நின்றுவிடும். சில ஆண்டுகள் சென்றபின், ஒரு சங்கத்தின் வயது முதிர்ந்த எழுத்தர் கூட்டல் தவறிய ஏட்டை நம்முன் வைத்தபோது, நிர்வாகக் குழுவினர் எதிரிலேயே, "எத்தனை வகுப்புப் படித்தீர்?" என்று கேட்டோம். சொன்ன கணமே பழைய மேலதிகாரியின் குரல் நம் வாயில் கேட்டது. மறுமுறை சென்றபோது அவரிடம் வருத்தம் தெரிவித்தோம். அவர், "பரவாயில்லை ஐயா" என்று மரியாதைக்குச் சொன்னார். ஏட்டை நீட்டிய கை நடுங்கிற்று.

நிர்வாகக் குழுவினர்க்கு நம் யோசனை எளியது, செலவும் அதிகமில்லை. பாவுக்கு வந்து பதிந்தவர்களின் பெயரை வந்த வரிசையில் எழுதி ஒரு பலகையைச் சங்க வாசலில் தொங்கவிடுக. வரிசை தவறினால் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதுக. துணியைத் தரம் பிரிப்பதை நெய்தவர் முன்னிலையில் இருவர் சேர்ந்து செய்க. குறை இன்னதென்று சீட்டில் எழுதிக் கொடுத்தபின்தான் பிடிக்க வேண்டும். பால் சங்கமாயின் அளவை ஊற்றியவர் கண்முன் காட்டிச் சீட்டுத் தருவதோடு, சோதிப்பவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு விளக்கும் தருவது குழுவின் பொறுப்பெனத் தீர்மானம் எழுதி வைக்க வேண்டும். காரியதரிசிமீதே மனு வந்தால் அதைக் காரியதரிசியே படித்துப் பதிலெழுதும் வழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. இதைவிட நகைப்புக்குரியது வேறில்லை. மனுவைக் கேட்க, அலுவலில் சம்பந்தமில்லாத மூன்று அங்கத்தினரை மகாசபையே ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கட்டும். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருக்கட்டும். ஆய்வாளர்களாகிய நாமும் சோதனையின்போது, கூட்டலைச் சரிபார்ப்பதோடு நில்லாமல், குறைந்தது ஐந்து அங்கத்தினரின் பெயரையாவது ஓராண்டு முழுவதும் குறுக்கே படித்துப் பார்ப்பதென்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது.

அந்தக் கைத்தறிச் சங்கத்தில் நாம் எழுதிய இரண்டாவது குறிப்பின் மேல் நிர்வாகக் குழு கூடி வாதாடிற்று. காரியதரிசி தாம் யாரையும் பழிவாங்கவில்லையென்றே இன்றும் சொல்லுகிறார்; அவர் மனமறியப் பொய் சொல்லுகிறார் என்று நாம் நினைக்கவில்லை. தம்மைக் கேள்வி கேட்டவரைக் காணும்போதெல்லாம் அவருக்கு வேறு வேலை நினைவுக்கு வந்திருக்கிறது. முறைப் பலகையை வைப்பதற்குக் குழு இசைந்தது. சென்ற மாதம் போனபோது பலகை தொங்கிற்று. சாக்பீஸால் பதினொரு பெயர்கள் எழுதியிருந்தன. அன்று மாலையே முத்தியால்பேட்டைக்குச் சென்று அந்நெசவாளரிடம் செய்தியைச் சொல்லி, மீண்டும் வரலாமே என்றோம். அவர் தார் சுற்றிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார், பின் நம்மைப் பார்த்து, "மழைக்காலம் முடியட்டும், ஐயா. பலகை அதுவரைக்கும் தொங்குகிறதா பார்ப்போம்" என்றார். சங்கத்தில் அவருடைய பங்குத் தொகையை அவர் இன்னும் திரும்பக் கேட்கவில்லை.